பதுளைத் தியேட்டரில் என்னைப் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்த்தது பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தியேட்டரில்.

எங்கள் வீடு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. மாப்பிள்ளை வீடு பூனாகலை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு பஸ் ஏறினாலே வாந்தி வரும். டவுன்வரை எப்படியோ வந்தாலும், அதற்கு மேல் எங்கள் வளைவு ரோட்டில் அவரைக் கொண்டுவந்தால், வந்து இறங்கும்போது பெண்ணைப் பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். சம்பந்தம் பேசிய என் தாய்மாமாதான் வழி சொன்னார்.

"டவுன்ல தியேட்டர் இருக்கு. படம் பாத்த மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு."

அப்பாவுக்கு மனமில்லை. மாமாவே டிக்கெட் எடுப்பதாகச் சொன்ன பிறகு சம்மதித்தார்.

அந்தத் தியேட்டரில் பால்கனியில் மெத்தை, கேலரியில் வெறும் பலகை, நடுவே செகண்ட் கிளாசில் மூட்டைப்பூச்சி. மாமா எங்களைச் செகண்ட் கிளாசில் உட்காரவைத்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளையை முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்வரிசை. ஆக, படம் பாதி ஓடும்வரை அவர்கள் பார்த்தது என் கொண்டையைத்தான். இடைவேளையில் லைட் போட்டதும் நான் திரும்பிக் கும்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்று ஓடியது அண்ணன் தங்கைக் கதை. தங்கை நடுத்தெருவில் நின்றபோது என் பின்னால் யாரோ விம்மி விம்மி அழுதார்கள். மாமியார் இளகிய மனசுக்காரர் போலிருக்கிறது, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

லைட் வந்தது. திரும்பிக் கும்பிட்டேன். மாமியார், பஸ்ஸுக்குப் போட்ட வாந்தி மாத்திரை மயக்கத்தில், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அழுதது மாப்பிள்ளை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் கும்பிட்டது அவருக்குத் தெரியவில்லை. என் அப்பாவைப் பார்த்து, "அந்த அண்ணன் அப்படி விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுங்க" என்றார். படம்தானே தம்பி என்று அப்பா ஏதோ சமாதானம் சொன்னார். அதற்குள் மணி அடித்து லைட்டை அணைத்துவிட்டார்கள்.

படம் முடிந்து வெளியே வரும் நெரிசலில்தான் மாமியாருக்கு முழுசாகத் தெளிந்தது. வந்த வேலை நினைவுக்கு வர, என்னுடையதைப் போலவே பச்சைச் சேலை கட்டியிருந்த யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, சமைக்கத் தெரியுமா என்று விசாரித்தார். பக்கத்தில் நின்ற அவள் புருஷன்தான் பதில் சொன்னான்.

"தெரியாதுங்கம்மா. கல்யாணத்துலேருந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாமா பாய்ந்து வந்து மாமியாரை என் பக்கம் திருப்பினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையும் நல்லாத்தான் இருக்கு என்றார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அப்பா, இப்படி அழுகிற ஆள் எப்படிக் குடும்பம் நடத்துவார் என்று கேட்டார். எங்கள் லயத்தில் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன்.

"அழுதா அழுதுட்டுப் போறாருப்பா. அடிக்கிற ஆளா இருந்தாத்தான் யோசிக்கணும்" என்றேன்.

அடுத்த வாரமே அப்பா மாமாவிடம் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பதுளையில் கடை வேலைக்குச் சேர்ந்தார். புதுப்படம் எதையும் நாங்கள் விடவில்லை. டோர்ச் லைட் அடித்து இடம் காட்டுகிறவர், இவர் அழுகையில் வசனம் கேட்க முடியவில்லை என்று மற்றவர்கள் முறையிட்டதால், எங்களை எப்போதும் ஓரத்தில்தான் உட்காரவைப்பார்.

அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. தியேட்டரில் ஆள் குறைந்தது. கூரை ஒழுகி, மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறோம். கடைசியாக ஒரு நாள் மூடினார்கள். கொஞ்சக் காலம் கழித்து இடித்து, மாடி வைத்த துணிக்கடை கட்டினார்கள். இடிக்கும்போது இவர் தினமும் வேலை முடிந்ததும் போய் நின்று பார்த்துவிட்டு வருவார்.

நாற்காலிகளில் ஒரு வரிசையை மார்க்கெட் பக்கத்துச் சலூன்காரர், காத்திருப்பவர்கள் உட்கார வாங்கிப் போட்டிருக்கிறார். எழுந்தால் பட்டென்று மடங்கிச் சட்டையைக் கவ்விக்கொள்ளும் அதே நாற்காலிகள். இவருக்குத் தலையில் இப்போது வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் சலூனுக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கே ஆள் நிறைய இருந்தால் சந்தோஷம், காத்திருக்கலாமாம்.