பத்திரமாக நின்ற கார்

கிள்ளான் ரயில் நிலையத்தில் காரை ஓர் இரவு விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். நேற்றுவரை வணக்கத்துக்குத் தலையைக்கூட ஆட்டாதவர்கள் எல்லாம் கார் திருட்டில் கரை கண்டவர்களாகிவிடுவார்கள்.

என் மனைவியின் அண்ணன் மகனுக்கு ஈப்போவில் நிச்சயதார்த்தம். எங்கள் பழைய காரை நம்பி அவ்வளவு தூரம் நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. சனிக்கிழமை ஸ்டேஷனில் காரை விட்டு ரயில் ஏறி, ஞாயிறு மாலை திரும்புவதாக ஏற்பாடு. எங்கள் கார் என்றேனே, அது மரியாதைக்குச் சொன்னது. கார் மனைவியுடையது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அதில்தான் தினமும் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகிறாள். மழையோ காய்ச்சலோ, ஒரு நாள்கூட அவள் நின்றதில்லை.

"எங்க வேணும்னாலும் விடுங்க. திங்கக்கிழம காலைல எனக்கு காடி வேணும். அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவுதானே என்று நானும் விட்டிருக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் முடி வெட்டுபவரிடம் வாயைக் கொடுத்தேன். "ஸ்டேரிங் லாக்கா? அதெல்லாம் திருடனுக்குச் சும்மா லா" என்று கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே சிரித்தார். சாலாக் செலாத்தானில் இருக்கும் நண்பர், காரைக் கழுவாமல் குப்பையாக வைக்கச் சொன்னார். அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. கடைசியில் மேருவில் இருக்கும் எங்கள் மெக்கானிக் தீர்ப்பு வழங்கினார்: "பேட்டரிய கழட்டிட்டுப் போங்க அங்கிள். பேட்டரி இல்லாத காடி வெறும் தகரம்."

இதுவல்லவோ யோசனை! கழற்றியதைக் காரின் பின்பெட்டியில் வைத்தால் போதாதா என்றாள் மனைவி. பேட்டரியைத் தேடும் திருடனுக்குப் பின்பெட்டியைத் திறக்கவா தெரியாது? ஆகவே பட்டுச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் வளாகத்திலேயே பேட்டரியைக் கழற்றினேன். பேட்டரியோடு ரயிலேறினால் காவலர் ஏதாவது கேட்பாரே? அதற்கும் வழி வைத்திருந்தேன். மனைவி பையில் பரிசுப் பொருளுக்காக வாங்கிய தாள் மிச்சம் இருந்தது; சிவப்பில் தங்க மயில்கள். பேட்டரியை ஓர் அட்டைப் பெட்டியில் இறக்கி, மயில்களால் மூடி, ரிப்பனும் கட்டினேன்.

"காடிய பத்திரமா விட்டுட்டுப் போறீங்களா, இல்ல கூடவே கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வழியில் ஒரு காவலரும் கேட்கவில்லை. அன்றிரவு மைத்துனர் வீட்டுக் கூடத்தில், சுவர் ஓரமாகப் பெட்டியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சீர்த்தட்டுகளும் அதே சுவர் ஓரத்தில்தான் இருந்தன என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

காலையில் சீர்த்தட்டில் வைத்த ஜெல்லி உருகி ஓடிவிட்டது. அந்தத் தட்டை எடுத்தால் எண்ணிக்கை இரட்டைப்படை. நிச்சயத்துக்கு இரட்டைப்படையா என்று மைத்துனர் மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. அப்போது அவர் கண்ணில் என் மயில்கள் பட்டன. கிள்ளான்காரர்கள் கொண்டுவந்த சீர் என்று பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டார். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. நான் பார்த்தபோது, பெண் வீட்டுக் கூடத்தில் வெற்றிலை பாக்குக்குப் பின்னால் என் பேட்டரி ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தூக்கி வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன கனம்! வெள்ளிக் குத்துவிளக்கா இருக்கும்" என்றார் எனக்குப் பின்னால் ஓர் ஆன்டி.

எனக்கு முழி பிதுங்கியது. மனைவியின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது. "சபையில வச்ச சீர திருப்பிக் கேட்டா எங்க அண்ணன் மானம் என்னாகும்? வாய மூடிட்டு உக்காருங்க." தட்டு மாற்றினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஞாயிறு மாலை கிள்ளானில் இறங்கினோம். கார் விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. பக்கத்தில் ஒரு புத்தம் புதிய கார், கண்ணாடி பாதி இறங்கியபடி. நேற்று நான் பேட்டரியைக் கழற்றியபோதும் அது அப்படியேதான் நின்றது. எங்கள் ரயிலில் வந்த ஓர் இளைஞர், கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையில் தட்டிக்கொண்டு, ஏறி ஓட்டிப் போய்விட்டார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம். நாளை காலை பிள்ளைகள் வாசலில் பையோடு நிற்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவளோ அதற்குள் ஒரு பேட்டரிக் கடைக்கு ஃபோன் போட்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் புது பேட்டரியோடு ஒருவர் வந்தார். பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

"பழசு எங்கக்கா? திருடிட்டானுங்களா?"

"இல்ல தம்பி. நிச்சயத்துக்குச் சீர் வச்சிட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரயில் வருகிறதா என்று பார்த்தேன்.

கார் உறுமிக் கிளம்பியது. அவள்தான் ஓட்டினாள். ஸ்டேஷன் வாசலைத் தாண்டவில்லை, பெண்ணின் அப்பாவிடமிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டாள். மனிதர் மகிழ்ச்சியில் தத்தளித்தார்.

"தங்கச்சி, இப்பதான் சீரைப் பிரிச்சோம். மொதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம்தான் மாப்பிள்ளைப் பையன் சொன்னாரு, இது ஏதோ சர்ப்ரைஸா இருக்கும்னு. நமக்குள்ள எதுக்கு இவ்ளோ பெரிய செலவு? சரி, மீதி காடி எப்ப வருது?"

மனைவி சிக்னலில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தாள்.

"மீதி காடி எனக்கு நாளைக்கு ஸ்கூலுக்கு வேணும்ண்ணே. காடிய பத்திரமாப் பாத்துக்கிற ஒருத்தர் இங்க சும்மாதான் இருக்காரு. வேணும்னா அவரப் பொதிஞ்சு அனுப்புறேன். மயில் பேப்பர் இன்னும் கொஞ்சம் இருக்கு."