பிடி என்றால் விடு

நான் கலாசி வேலை பார்த்தவன். கனத்த மிஷின்களை லாரியிலிருந்து இறக்கி, பைப் உருளைகள் மேல் தள்ளிக்கொண்டுபோய், சொன்ன இடத்தில் உட்காரவைப்பது எங்கள் வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூரில் தொழிற்சாலைகள் ஷெட் ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தன.

மிஷின் முதலில் அசையாது. ஆறு பேர் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். அசைந்துவிட்டால் இரண்டு பேர் போதும். அப்போதுதான் பயப்பட வேண்டும். நிற்பது நிற்கவே பார்க்கும். ஓடுவது ஓடவே பார்க்கும்.

இது நான் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் நடந்தது. கல்யாணமாகி மர்பி டவுனுக்குக் குடிவந்த புதிது. வட ஆற்காட்டுக்காரன், கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது.

அன்று ஒரு லேத் மிஷின். ஷெட்டுக்குள் தரை சரிவு. சரிவில் தள்ள வேண்டாம், இழுத்துப் பிடிக்கத்தான் ஆள். பின்னால் கயிற்றோடு நான்கு பேர். மூவர் உள்ளூர் ஆட்கள், நாலாவது நான். முன்னால் மரக்கட்டையோடு ஒரு கன்னடக்காரர், வீடு ஜீவனஹள்ளியில், என் வயதுதான். வேகம் கூடினால் உருளைக்கு முன்னால் கட்டை வைப்பார். நான் வழுக்காமல் இருக்கக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். என் புத்திசாலித்தனம்.

பாதிச் சரிவில் தரையெல்லாம் எண்ணெய். எங்கள் கால் சறுக்கியது. மிஷின் ஓட ஆரம்பித்தது. அவர் ஒதுங்கிக்கொண்டு கத்தினார்.

"பிடி, பிடி."

மூவரும் விட்டுவிட்டார்கள். சோம்பேறிகள் என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கன்னடத்தில் அதற்கு விடுங்கள் என்று அர்த்தம். வாயில் கொஞ்சம் வேறு மாதிரி வரும். நம் எழுத்தில் எழுதினால் அந்த வித்தியாசமும் தெரியாது.

நான் மிஷினை இழுத்தேன், மிஷின் என்னை இழுத்தது. கயிறு மணிக்கட்டில் இறுகிவிட்டது. இனி விட நினைத்தாலும் முடியாது. கை போகிறது என்று தெரிந்தது. கை போனால் கலாசிக்கு என்ன இருக்கிறது.

அவர் ஒதுங்கியே நின்றிருக்கலாம். என் கையைப் பார்த்தார். திரும்ப ஓடிவந்து கட்டையைக் காலால் உதைத்து உருளைக்கு முன்னால் செருகினார். மிஷின் நின்றது. நான் நிற்கவில்லை. வந்த வேகத்தில் அதன் மேல் நெஞ்சை மோதிக்கொண்டு விழுந்தேன். அவர் கால் பெருவிரல் கட்டைக்கும் உருளைக்கும் நடுவில் நசுங்கியது.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "காது செவுடாடா?"

"பிடின்னாரு. பிடிச்சேன்."

காலைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். அவருக்குத் தமிழும் வரும். "அவன் சரியாத்தான் செஞ்சான் மேஸ்திரி. நான்தான் அவன் பாஷைல சொல்லிட்டேன்."

என் வேலை அந்தப் பேச்சில் தங்கியது. அதன் பிறகு எங்கள் ஆட்களுக்குள் விடுவதற்கு "சோடோ" என்று தக்கினி உருதுவில் சொல்வதாக ஆனது. அது எங்கள் இருவருக்குமே பொது.

பல வருஷம் கழித்து என் மகள் பாடம் படித்தாள். ஓடும் பொருள் தானாக நிற்காது, வெளியிலிருந்து ஒரு விசை வந்து நிறுத்த வேண்டும் என்று. எனக்கு அந்த விசையின் வீடு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். கொஞ்சம் விந்தி நடந்து வந்து காபி டம்ளரை நீட்டுவார்.

"பிடி."

"எந்த பாஷைல?"

"உன் பாஷைதாம்பா. கீழ போட்றாதே."

இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.