கனிவான கவனத்திற்கு

அக்கா எங்கள் பேருந்து நிலையத்தில் மூத்த அறிவிப்பாளர். பத்தொன்பது வருடமாக, ஜன்னல் இல்லாத ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஊரையே வழியனுப்புகிறவள். இடமாற்றம் கேட்டு வருடம் தவறாமல் மனு கொடுப்பாள். அதுவும் வருடம் தவறாமல் கிணற்றில் போட்ட கல்லாகிவிடும். வீட்டுக்குப் போனால் படுத்த படுக்கையாக மாமனார். அவரை விட்டால் மறுபடி இந்த அறை.

ஒரு நாள் நாலு பத்து வண்டியை அறிவித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். "எல்லாரும் போறீங்க. நான் மட்டும் இங்கயே கெடக்கறேன்" என்று அவள் முனகியது நிலையம் முழுக்கக் கேட்டது.

பணி மாறுகிற நேரம் அது. அறிவிப்பாளர்கள் மூன்று பேருமே அறையில் இருந்தோம். ஒலிபெருக்கியில் மூன்று குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விசாரணையில் மூன்று பேரும் "நான் இல்லை" என்று எழுதிக் கொடுத்தோம். யாரென்று தெரிந்தால் அவளுக்கு வேலை போய்விடும். தெரியாதவரை மூன்று பேர் தலைக்கு மேலும் கத்தி.

அதற்குள் பார்சல் பிரிவில் ரசீது போடும் கொசு அந்த முனகலைப் போனில் பிடித்து ராப் பாட்டாக்கிவிட்டான். ஆள் சிறிசு, வாய் ஓயாது, அதனால் கொசு. இப்போதுதான் நாலு பேர் அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த வாரம் பாட்டு இணையத்தில் ஏறுகிறது என்றார்கள். அதற்குள் நேரில் கேட்டு நிறுத்த வேண்டும் என்று அக்கா ஞாயிறு மாலை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் பாடுகிற இடம் டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ஐம்பது பேர் கொள்ளும், நூறு பேர் நின்றார்கள். கொசு தாமதமாக வந்து நேரே பாட ஏறிவிட்டான். ஒரே வாசல், அதுவும் மேடைக்குப் பின்னால். இனி முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது.

"ரசீதுக்கு ரசீது ஊர் மாறுது, ரசீது போட்டவன் ஊர் மாறல" என்று அவன் பாடப் பாட, நடுநடுவே அக்காவின் முனகல் வந்து விழுந்தது. நூறு பேரும் அதைத் திருப்பிக் கத்தினார்கள். அக்கா என் மணிக்கட்டை நெரித்தாள்.

கொசு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான். அக்கா இடித்துக்கொண்டு போய் அதைப் பிடுங்கினாள். நிறுத்து என்று சொல்லத்தான் போனாள். ஆனால் மைக் கைக்கு வந்ததும் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அதே குரல் என்று கூட்டம் கத்தியதில் கூரை பிய்ந்தது.

எல்லாம் முடிந்ததும் படிக்கட்டில் வைத்து, என் குரலை எடுத்துவிடு தம்பி என்று அழுதாள். கொசுவின் முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்துடறேங்க்கா. ஆனா அது யாரு குரல்னு இதுவரைக்கும் எனக்கே தெரியாது. இப்ப எல்லார் போன்லயும் உங்க முகம் இருக்கு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது, இனி என்னை விசாரிக்க மாட்டார்கள் என்ற நிம்மதிதான்.