கிரேஸ் மிஸ் படகை இறக்கிய இடம்

ஞாயிறு காலை கறிக்கடை வரிசையில் நிற்கும்போது கிரேஸ் மிஸ் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. மாரடைப்பு. ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு. நான் வீடு திரும்புவதற்குள் எங்கள் ஆசிரியர் காலனியின் வாட்ஸ்அப் குழு கைகூப்பும் படங்களால் நிரம்பிவிட்டது. ‘தாமிரபரணியின் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்தார் ஒருவர். மிஸ் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் அவர். எனக்குக் குமட்டியது.

பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தோம். அவர் விளையாட்டு ஆசிரியை, நான் கணக்கு. அவருடைய விசிலுக்கு ஓடிய பிள்ளைகளும், உடன் பணியாற்றிய நீங்களும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லது நிறையச் சொல்வீர்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அது நல்ல நாள் அல்ல.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய தம்பி, காற்றடைத்து மிதக்கவிடும் கயாக் படகு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். ஆற்றைப் பற்றி ஆசிரியர் அறையில் யார் பெருமை பேசினாலும், “தண்ணில எறங்காம ஆத்தப் பத்திப் பேசாதீங்க சார்” என்பார் மிஸ். அப்படித்தான் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை என்னையும் கிளப்பிக்கொண்டு போனார்.

சீவலப்பேரி தாண்டி, தார்ச்சாலை முடிந்து, உடைமரங்களும் செம்மண் பொட்டலுமாகக் கிடந்த ஓரிடத்தில் காரை நிறுத்தினோம். அதற்கு மேல் கார் போகாத மணல், லாரிச் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது. மடித்து வைத்த படகுப் பையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு வீடு இல்லை, நிழல் இல்லை. ஆறு கண்ணில் படும் முன்னே நாற்றம் வந்துவிட்டது. கரையில் கட்டுக்கட்டாகப் பழைய துணிகள், குழந்தைகளின் அழுக்கு டயப்பர்கள், வயிறு உப்பிய ஒரு நாய். இவற்றுக்கு நடுவே செப்டிக் டேங்க் லாரி ஒன்று பின்பக்கத்தை ஆற்றுக்குக் காட்டி நின்றது. அதன் குழாயிலிருந்து கருப்பாக, கட்டிகட்டியாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.

மிஸ் நேரே டிரைவரிடம் போனார்.

“எய்யா, இத ஏன் இங்கன கொட்டுத?”

“எல்லா வண்டியும் இங்கனதான் கொட்டுது டீச்சர்” என்ற டிரைவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “சாரா? இது சார் வீட்டுதுதான். நேத்து சாயங்காலம் எடுத்தோம்லா.”

ஆமாம். நான்தான் போன் செய்து வரவழைத்திருந்தேன். எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு வந்த அருவருப்பை இன்னும் வாயில் உணர்கிறேன். திரும்பிப் போய்விடலாம் என்றேன்.

மிஸ் என்னைத் திட்டவில்லை. படகுக்குக் காற்றடித்தார்.

“ஏறுங்க சார். நம்மளோடதுதான. இதுல போறதுக்கு நமக்கென்ன?”

ஏறினேன். துடுப்பைப் போடும்போதெல்லாம் அது கிளம்பி மேலே வந்தது. இருபது முப்பது அடி போவதற்குள் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். அவர் துடுப்பை நிறுத்தவில்லை. பிறகு தண்ணீர் தெளிந்தது. தெளிந்ததுபோலத் தெரிந்தது.

ஒரு வளைவு தாண்டியதும் கரையில் ஒரு பெண் பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். படகைக் கண்டு சிரித்து, “வெயில்ல வாரிய, குடிக்கத் தண்ணி வேணுமா?” என்றார்.

“அக்கா, இன்னைக்கு இத எடுக்காதிய. மேல எங்க காலனி கக்கூஸ் தண்ணியக் கொட்டுதாங்க” என்றார் மிஸ்.

அந்தப் பெண் குடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அப்ப நாங்க எங்கன போவ?” என்று கேட்டுவிட்டு, நிரம்பிய குடத்தைக் கவிழ்க்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். வெளியூரிலிருந்து படகு ஓட்டி விளையாட வந்த இரண்டு பேர் சொல்வதைக் கேட்டு அவர் எதைக் குடிப்பார்?

அடுத்த மாதக் காலனிக் கூட்டத்தில் மிஸ் இதைச் சொன்னார். தட்டுகளில் வடை வைத்திருந்தார்கள். “சாப்பிடுத நேரத்துல இந்தப் பேச்சு வேணுமா மிஸ்?” என்றார் செயலாளர்.

“நீங்க கேக்கக் கூசுறத அந்தக்கா குடிக்காங்க சார்.”

சிலர் மூக்கைச் சுளித்தார்கள். சிலர் எழுந்து போனார்கள். லாரியில் இருந்தது யார் வீட்டுக் கழிவு என்று மிஸ் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அது என் வீட்டுக் கழிவு.

அதன் பிறகு காலனிக்கு எந்த லாரி வந்தாலும் மிஸ் தன் ஸ்கூட்டரில் அதன் பின்னாலேயே போனார். சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலுக்குள் அது நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பள்ளி விட்டு வந்து, சேலையோடு, அந்த நாற்றத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு. அவருக்கு ‘டேங்க் மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன். அடக்கத்தன்று பூமாலையோடு முன்வரிசையில் நின்றவர்களுக்கும் அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

அவருடைய துணிச்சல் எனக்கு வராது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, என் கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடியாத இந்தக் குமட்டல் மட்டும்தான். போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. வேலை முடிந்ததும் நான் பைக்கை எடுத்தேன். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“டீச்சர்தான் போயிட்டாங்கள்லா சார், இன்னும் எதுக்கு?”

“நீ பைய போ. நான் பின்னால வாரேன்.”