ஆளில்லாத சதுக்கம்

அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. கப்பல் வேலைக்கென்று பம்பாய் போன மாமாவிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. குழாயடியில் தினமும் யாராவது விசாரிப்பார்கள். "பொங்கல் கழிச்சு நானே போயி அவன இழுத்துகிட்டு வரேன்" என்று அப்பா சொன்ன அன்று அத்தை சாப்பிடவில்லை.

அந்த ஐப்பசியில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை வாங்க வந்த இத்தாலிக் கன்னியாஸ்திரி ஒருவர், அத்தை எழுதிய கண்களை மெச்சி ஒரு மிட்டாய் டப்பா கொடுத்துவிட்டுப் போனார்.

மார்கழியில் மாமாவின் தபால் வந்தது. அட்டையில் இத்தாலியின் பழைய ஊர் ஒன்று: கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மாதா கோயில், முன்னால் கல் பாவிய பெரிய சதுக்கம். பின்புறத்தை நான்தான் உரக்கப் படித்தேன். "நலம். இந்த ஊரில் இருக்கிறேன். தேட வேண்டாம்."

அப்பா பயணத்தைக் கைவிட்டார். தை மாதம் இன்னோர் அட்டை வந்தது, அதில் ஓர் அரண்மனை. பக்கத்து வீட்டுக்காரம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டி, இத்தாம் பெரிய கோயிலு, வாசல்ல ஒரு ஈ காக்கா காணுமே?"

"எல்லாரும் உள்ள பூசையில இருப்பாங்கக்கா."

எனக்கு வேண்டியது வெளிநாட்டு ஸ்டாம்பு. யாருக்கும் தெரியாமல் அட்டையை நனைத்து உரித்தேன். உரித்த பிறகுதான் கவனித்தேன், நம்ம நாட்டு ஸ்டாம்பு. அதன்மேல் விருத்தாசலம் முத்திரை.

"அத்தை, இதுல நம்ம ஊரு பேருல்ல இருக்குது?"

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. "எந்த ரயிலு நம்ம ஜங்ஷன்ல நிக்காம போவுது, சொல்லு? அப்பாகிட்ட காட்டாத. தபால நனைச்சதுக்கு அடிப்பாரு."

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மாசியில் ரிப்பன் தேடி அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த மிட்டாய் டப்பாவுக்குள் இன்னும் மூன்று அட்டைகள். ஒரு மணிக்கூண்டு, ஒரு நீரூற்று, இன்னொரு அரண்மனை. பின்புறம் ஒன்றுமே எழுதவில்லை. மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. அவற்றையும் என் பேனாவையும் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாமா எழுத மறந்துட்டாரு. நீயே எழுதிக்க."

அத்தை வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். "என்ன எழுதலாம், நீ சொல்லு."

"சீக்கிரம் வந்துடறேன்னு எழுது."

அவள் 'நலம்' என்று எழுதினாள். நான் சொன்னதை மட்டும் எழுதவில்லை. ஒரு வரிதானே, எழுதினால் என்னவாம் என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன்.