பத்து எண்ணுகிறவர்

தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தபோது, கடையில் எங்களுக்குப் புடவை காட்டியவர் அவர். நாற்பது வயதிருக்கும். தூக்கம் போதாத கண்கள். மற்ற விற்பனையாளர்கள் ஓயாமல் பேச, இவர் மட்டும் ஒரு புடவையை விரித்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பார்.

கூட்டம் தாங்காமல், பேச்சு வராத என் எட்டு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். இதற்காக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவர் எழுந்து எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார். இரண்டு முந்தானைகளை அவளிடம் நீட்டி, "இதுவா, அதுவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அவள் பச்சையைத் தொட்டாள்.

"எப்படிங்க?" என்றேன்.

"இந்த மாதிரி புள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற ஸ்பெஷல் பி.எட். படிச்சிருக்கேம்மா. கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணிக்கினு இருக்கணும். ஸ்கூல்ல ஆறு வருஷம் எண்ணினேன். அந்தச் சம்பளத்துல வாடகை குடுத்தா ஒண்ணும் மிஞ்சாது. இங்க பரவால்ல."

பக்கத்து ஊரிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். மாதத்துக்கு ஒரு தொகை சொன்னார்.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் காத்திருந்தார். பத்து எண்ணியிருப்பார். நானும் வாய் திறக்கவில்லை.

"அந்தப் பச்சையையே பில் போட்டுடலாமாம்மா?" என்றார்.

அந்தப் புடவைக்கு நான் பேரம் பேசவில்லை.