நூர்ஜஹான் அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்த பேஜ்

நூர்ஜஹான் அக்கா இன்று காலை போய்விட்டார். அவர் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான்... சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். எந்த வண்டியைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. அதனால்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சென்னை ராயபுரத்தில், துறைமுகத்துச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். அக்கா அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர், நான் அவருக்கு அடுத்த நாற்காலி.

முதலாளிக்கு அப்போது வெப்சைட் ஆசை பிடித்து ஆட்டியது. சரக்கு அனுப்புகிற, எடுக்கிற பார்ட்டிகள் அவரவர் இடத்தில் இருந்தபடியே தங்கள் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு பேஜ் வேண்டும் என்றார். வெளியே ஒருவரிடம் கொடுத்துச் செய்தும் வாங்கிவிட்டார்.

அந்தப் பேஜுக்குள் ஒரு அட்டவணை வரும். அது மட்டும் ஒரு கம்பெனியிடம் விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேர் துண்டு. அதன் லைசென்ஸ் அக்காவின் கம்ப்யூட்டரில் போட்டிருந்தது, ஏனென்றால் ஆபீஸில் நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அதுதான். செய்தவர் அங்கேயே திறந்து காட்டினார், எல்லோரும் கை தட்டினோம், ஆளும் போய்விட்டார்.

வேறு எங்கே திறந்தாலும் வெறும் வெள்ளைக் கட்டம். மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

பார்ட்டிகள் என்ன செய்வார்கள்? போன் பண்ணினார்கள். அக்கா தன் ஸ்கிரீனைப் பார்த்து நம்பர் நம்பராகப் படித்துச் சொன்னார். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க முடியாது... ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் சோறு. கோடிக்கணக்கில் சரக்கு இறக்குகிறவர்களுக்கு வெப்சைட் என்றால் அது நூர்ஜஹான் அக்காதான்.

இதில் என்ன கொடுமை என்றால், அவருக்கு விசா வந்திருந்தது.

வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். கல்யாணமாகி அவர்கள் ஒன்றாக இருந்ததே அவர் லீவில் வந்த நாட்கள்தான். எப்படியோ ஃபேமிலி விசா எடுத்து அனுப்பியிருந்தார். குறித்த தேதிக்குள் போய் இறங்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது.

தெரிந்த ஆள் மூலம் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்று முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். அக்காவும் நம்பிக் கொடுத்துவிட்டார்... தன் அப்பா காலத்திலிருந்து தெரிந்த மனிதர் ஆயிற்றே.

முதலாளி குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. "பேஜு எல்லா எடத்துலயும் தெரியட்டும்மா. நானே ஏர்போர்ட்ல வுட்டுட்டு வரேன்." கேட்கும்போதெல்லாம் இதே பதில், இதே சிரிப்பு.

ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் ரோடு முழுக்கக் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார். "பொட்டிங்க எல்லாம் மஸ்கட்டுக்குப் போய்கினே கீது நைனா. நான்தான் இங்கியே கீறேன்."

எனக்கு அதைக் கேட்டுவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் ஹெல்ப் ஃபைலை முழுக்கப் படித்தேன். பாதி புரியவில்லை.

கடைசியில் விஷயம் ரொம்பச் சின்னது. லைசென்ஸை ஒரு குட்டி ஃபைலாக மாற்றி, சர்வரில் பேஜ் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று பேஜுக்குள் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரி...

வைத்துவிட்டு டோல்கேட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். திறந்தது. அத்தனை வரிசையும் வந்தது. வெளியே ஒரு ரூபாய் பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நெஜமாவா? எங்க, படி நைனா. கேக்கறேன்."

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஞாபகம் இருந்த நம்பர்களைச் சொன்னேன். அந்த ஒரு தடவை நான் படித்தேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று சாயங்காலமே வண்ணாரப்பேட்டையில் நீல நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கிவிட்டார். சக்கரம் வைத்தது. ஆபீஸுக்குக் கொண்டுவந்து ஹாலில் உருட்டிக் காட்டினார்.

மறுநாள் போன் வராது என்று நினைத்தோம்.

முதல் போன் எண்ணூர் பார்ட்டி. பேஜ் தெரிகிறதா என்று அக்கா ஆசையாகக் கேட்டார். "தெரியுதும்மா, அது கெடக்கட்டும். நீ ஒரு தபா சொல்லிடு. நீ சொன்னாத்தான் நான் லாரி அனுப்புவேன்." அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஆள் பழகட்டும், ஒரு வாரம் பொறு என்றார். அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம். ஆளையே போடவில்லை. நான் சண்டை போட்டேன்... அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உன் வேலையும் போய்விடும் என்றார்.

விசா தேதி முடிந்த பிறகு பாஸ்போர்ட் பத்திரமாகத் திரும்பி வந்தது. வீட்டுக்காரருக்கு மறுபடி ஃபேமிலி விசா கிடைக்கவே இல்லை. வயசாகித்தான் ஊருக்கு வந்தார்.

முதலாளியைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஆளும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், திட்டி என்ன ஆகப்போகிறது... ஆனாலும் வயிறு எரிகிறது.

தங்கை மகனிடம் இப்போதுதான் பேசினேன். அந்த நீல சூட்கேஸ் இன்னும் பரண்மேல் இருக்கிறதாம். எங்கேயும் எடுத்துப் போனதில்லை என்றான்.

போய் வாருங்கள் அக்கா. இந்தத் தடவை நீங்கள் யாரிடமும் கேட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.